குவென்யாவா, ஹை வலிரியனா: எதைப் படிப்பது?

கற்பனை உலகம் ஒன்றின் செம்மொழியைப் படித்துப் பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டால், உண்மையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை இரண்டுதான். ஒன்று, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீன், எல்ஃப் என்னும் தன் கற்பனை இனத்துக்காகச் செய்த குவென்யா. மற்றொன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டேனரிஸ் பேசுகிற ஹை வலிரியன். வேலை, வீடு என்று இருப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்க நேரம் வாய்க்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். என் ஓட்டு குவென்யாவுக்கு. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், வேறு சில மொழிகளை ஏன் சேர்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். டோல்கீனின் இன்னொரு எல்ஃப் மொழியான சிந்தாரின், அந்த உலகத்தில் அன்றாடம் புழங்கும் பேச்சுமொழி. வெல்ஷ் மொழியின் ஓசையில் செய்யப்பட்டது. திரைப்படங்களில் அதிகம் கேட்பதும் அதுதான். ‘கலீசி’ என்ற பட்டம் டோத்ராக்கிச் சொல், அது குதிரைவீரர்களின் மொழி. நம்மவர் மதன் கார்க்கி ‘பாகுபலி’க்காக உருவாக்கிய கிளிக்கி 2015-ல் திரைக்கு வந்தது, 2020-ல் தனி எழுத்துகளும் பெற்றது. தமிழர் ஒருவர் செய்த மொழி என்பதற்காகவே அதைத் தெரிந்துகொள்ளலாம். இருந்தாலும் அது காலகேயர்கள் போர்க்களத்தில் முழங்கும் மொழி. பழைய ஏடுகளில் மட்டும் வாழ்கிற, கற்றவர்கள் மட்டும் பேசுகிற மொழி என்ற இடம் இந்த இரண்டுக்குத்தான் இருக்கிறது.

அந்த இடம் எப்படி வந்தது என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. குவென்யா கடலுக்கு அப்பால், மேற்கில் வாழ்ந்த எல்ஃப்களின் தாய்மொழி. அவர்களில் ஒரு பிரிவினர் கிளர்ச்சி செய்து, தம் இனத்தவரையே கொன்று கப்பல்களைப் பறித்துக்கொண்டு நடுநிலத்துக்கு வந்தார்கள். இது அங்கிருந்த திங்கொல் அரசனுக்குத் தெரிய வந்ததும், என் நாட்டில் இந்த மொழி காதில் விழக்கூடாது என்று தடை போட்டுவிட்டான். அன்றிலிருந்து குவென்யா சடங்குக்கும் பாட்டுக்கும் கல்விக்கும் உரிய மொழியாக ஒதுங்கியது. வலிரியன் கதை வேறு. டிராகன்களை வைத்து ஆண்ட ஒரு பேரரசு ஒரே பேரழிவில் அழிந்தது. அதன் மொழி மட்டும் மிஞ்சி, ஊருக்கு ஊர் திரிந்து பல கிளைமொழிகளாகிவிட்டது. பழைய தூய வடிவத்தைப் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர் வைத்துப் படிக்கிறார்கள். தொடருக்காக மொழியை அமைத்த டேவிட் ஜே. பீட்டர்சன் அஸ்தபோர், மீரீன் நகரங்களின் பேச்சை இந்தப் பழைய வலிரியனிலிருந்து முறையான ஒலிமாற்றங்கள் மூலம் வருவித்தார். தாய்மொழியையும் அதன் கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு தொலைக்காட்சியில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இவற்றைச் செய்தவர்களின் வேலைமுறையும் நேர்மாறானது. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது ஃபின்னிஷ் இலக்கண நூல் ஒன்று கையில் கிடைத்து, அதில் மயங்கிப் போனார். 1915 வாக்கில் குவென்யாவுக்கு முதல் சொற்பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். கதைகள் பிறகு வந்தவை. பேசுவதற்கு ஆட்கள் வேண்டுமே என்றுதான் உலகமே எழுந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. லத்தீனை அடித்தளமாக வைத்து, தமக்கு ஓசை இன்பம் தந்த ஃபின்னிஷையும் கிரேக்கத்தையும் கலந்தது இந்த மொழி என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1973-ல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். முடித்தார் என்று சொல்ல முடியாது.

பீட்டர்சனுக்குக் கிடைத்தது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் இருந்த சில சொற்கள்: ‘வலர் மோர்கூலிஸ்’, ‘வலர் டோஹேரிஸ்’, ‘டிராகாரிஸ்’ போன்றவை. அவற்றை வைத்துக்கொண்டு, படப்பிடிப்புத் தேதிக்குள், நடிகர்கள் பேசக்கூடிய ஒரு முழு மொழியைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2013-ல் மூன்றாம் பருவத்தில் அது திரையில் ஒலித்தது. 2022-ல் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரில் முழுக் காட்சிகளே வலிரியனில் நடக்கின்றன.

சரி, படிக்க உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

குவென்யாவில் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் மூன்றாம் பாகத்தில் (1955) அரகோர்ன் முடிசூடும்போது, தன் முன்னோன் எலெந்தில் கரையேறியபோது சொன்ன சொற்களைத் திரும்பச் சொல்கிறான்: “எத் எஅரெல்லொ எந்தொரென்ன உதூலியென். சினொமெ மருவன் அர் ஹில்தின்யர் தென்ன் அம்பர்-மெத்த.” பெருங்கடலிலிருந்து நடுநிலத்துக்கு வந்திருக்கிறேன், இவ்விடத்தில் தங்குவேன், என் வழித்தோன்றல்களும், உலக முடிவு வரை.

இதில் ‘மருவன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பாருங்கள். ‘மர்’ என்பது தங்கு என்னும் பகுதி. ‘உவ’ எதிர்கால இடைநிலை. ‘ன்’ தன்மை ஒருமை விகுதி. தங்கு + வ் + ஏன் என்று பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவருக்கு இதில் விளக்க ஒன்றுமே இல்லை. அதே வரிசை, அதே வேலை. ‘நான்’ என்று தனியாக ஒரு சொல் தேவைப்படாததும் நமக்குப் பழக்கமானதே. ‘எஅரெல்லொ’வில் உள்ள ‘ல்லொ’ நம் ‘இலிருந்து’. ‘எந்தொரென்ன’வில் உள்ள ‘ன்ன’ நம் ‘க்கு’.

வேற்றுமை உருபுகள் முழுவதுமே இப்படிப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்பவை. 1960-களில் ஒரு வாசகருக்கு டோல்கீன் எழுதி அனுப்பிய அட்டவணையில், கப்பல் என்று பொருள்படும் ‘கிர்ய’ என்ற சொல் வேற்றுமை தோறும் விரிகிறது: கிர்யன்ன என்றால் கப்பலை நோக்கி, கிர்யல்லொ கப்பலிலிருந்து, கிர்யஸ்ஸெ கப்பலில், கிர்யனென் கப்பலால். அந்த அட்டவணை ஏட்டு வழக்கான குவென்யாவுக்கு உரியது என்று அவரே குறித்திருக்கிறார். பேச்சு வழக்கில் தேய்ந்துபோன இரண்டாம் வேற்றுமை அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு செம்மொழிக்கு ஏட்டு வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்பதை நாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் ‘நாம்’, ‘நாங்கள்’ விவகாரம். “எலென் சீல லூமென்ன் ஒமென்தியெல்வொ”, நம் சந்திப்பின் பொழுதின்மீது ஒரு விண்மீன் ஒளிர்கிறது, என்பது ஃப்ரோதோ எல்ஃப்களிடம் சொல்லும் வாழ்த்து. முதல் பதிப்பில் கடைசிச் சொல் ‘ஒமென்தியெல்மொ’ என்றிருந்தது. 1960-களில் வந்த இரண்டாம் பதிப்பில் டோல்கீன் அந்த ஒரு மெய்யெழுத்தை மாற்றினார். குவென்யாவில் கேட்பவரையும் உள்ளடக்கிய ‘நாம்’ ஒன்று, அவரை விலக்கிய ‘நாங்கள்’ இன்னொன்று. இன்று படிப்பவர்கள் ‘ல்வ்’ என்பதை நாமுக்கும் ‘ல்ம்’ என்பதை நாங்களுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு தனிப் பாடம். நமக்குப் பாடமே தேவையில்லை.

ஒலியிலும் இந்த நெருக்கம் இருக்கிறது. அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து குறில், அவற்றுக்கு ஐந்து நெடில். எகர ஒகரத்தில் குறில் நெடில் பிரிப்பது நம் எழுத்திலேயே இருப்பதால் குவென்யாவைத் தமிழில் எழுதிப் படிக்கலாம். சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பது அரிது. ப, த, க என்பவற்றின் ஒலிப்புள்ள வடிவங்கள் தனியே வருவதில்லை; ம்ப, ந்த, ங்க, அப்புறம் ல்த, ர்த போன்ற சேர்க்கைகளில்தான் வரும். நம் எழுத்தில் ‘அம்பர்’ என்று எழுதினால் தானாகவே சரியான ஒலி வந்துவிடும். டோல்கீனுக்குத் தமிழோடு தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் படிக்கிறவனுக்குத் தற்செயலும் லாபம்தான்.

எழுத்து வேண்டுமென்றால் தெங்வார் இருக்கிறது. நாக்கு எங்கே தொடுகிறது என்பதை வைத்து நெடுவரிசைகள், எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்துக் கிடைவரிசைகள். உயிர் ஒலிகள், தாம் பின்தொடரும் மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளியாகவும் கீற்றாகவும் ஏறிக்கொள்கின்றன. உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு வாரத்தில் வசப்படும். இங்கே ஓர் எச்சரிக்கை. நாவலில் வரும் மோதிரத்தில் பொறித்த அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை எல்ஃப் மொழி என்று நினைத்துக் கையில் பச்சை குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்து மட்டும்தான் தெங்வார். மொழி மோர்தோரின் கறுப்பு மொழி, கதையின் வில்லன் சௌரோன் செய்தது. திருமண மோதிரத்தில் பொறிக்க அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி வலிரியன். முதல் நாளிலேயே ஒரு நிம்மதி கிடைக்கும்: வினை கடைசியில் வருகிறது. டேனரிஸ் அடிமை வியாபாரியிடம் சொல்லும் “ஸல்த்ரீஸெஸ் புஸ்தரி இக்ஸோஸ் தஓர்” என்ற வரி, ‘டிராகன் அடிமையாக இருப்பது இல்லை’ என்று சொல்லுக்குச் சொல் நம் வரிசையிலேயே ஓடுகிறது. “அவி ஜோர்ராஎலன்” என்றால் உன்னை நேசிக்கிறேன். செயப்படுபொருள் முன்னால், வினை பின்னால், ‘நான்’ வினையின் வாலில். வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை குவென்யாவைவிட வலிரியனே நமக்குக் கிட்ட வருகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெயர்ச்சொல்லுக்குள் நுழைந்தால் காடு. எட்டு வேற்றுமை, அது பரவாயில்லை. பால் நான்கு: நிலவு, கதிரவன், நிலம், நீர் என்று அவற்றுக்குப் பெயர். திணையும் பாலும் பொருளைப் பார்த்து முடிவாவது நமக்குப் பழக்கம். இங்கே பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்து முடிவாகிறது. ‘ஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் கதிரவன் பால், ‘ன்’ என்றால் நிலம், ‘ர்’ என்றால் நீர். எண்ணும் நான்கு: ஒருமை, பன்மை, சில, மொத்தம். பால், எண், வேற்றுமை மூன்றையும் ஒரே விகுதி சுமந்து நிற்பதால், கப்பல் என்ற சொல்லில் உருபை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டுவது போன்ற வசதி கிடையாது. வாய்பாடு மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘வலர் மோர்கூலிஸ்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் இதற்குக் கொடுத்த பொருள் ‘எல்லா மனிதரும் இறந்தாக வேண்டும்’. சொற்கள் இரண்டுதான். ‘எல்லா’ எங்கே, ‘ஆக வேண்டும்’ எங்கே? பீட்டர்சன் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகப் பிடிக்கும். வலா என்றால் ஒரு மனிதன், வலி மனிதர்கள், வலுன் சில மனிதர்கள், வலர் மனிதர் மொத்தமும். ஆக ‘எல்லா’ எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மோர்கூலிஸ் என்பது எக்காலத்துக்கும் பொதுவான உண்மையைச் சொல்லும் வினைவடிவம். நாம் ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்கிறோமே, அந்த ‘உதிக்கும்’. மொத்தத்தை ஒன்றாகக் கருதுவதால் வினை ஒருமையில் நிற்கிறது. இன்னொருவர் கதைக்காகப் போகிற போக்கில் எழுதிய இரண்டு சொற்களுக்குள் ஓர் இலக்கணத்தையே கண்டெடுத்திருக்கிறார். மொழி செய்வதில் இதைவிட அழகான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒலி கொஞ்சம் கடினம். ஆறு உயிர், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில். ஆறாவது உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்வது. தொண்டைக்குள்ளிருந்து எழும் ஒரு ‘க்’ வேறு. ஞகரம் மட்டும் நமக்குச் சுலபம்.

படிக்கக் கிடைப்பவற்றில் வலிரியன்தான் முன்னால் நிற்கிறது. டூயோலிங்கோவில் 2017-ல் பீட்டர்சனே பங்கெடுத்து உருவாக்கிய பாடம் வந்தது. கைப்பேசியில் இலவசம். பேருந்தில் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கினாலே ‘ரித்ஸஸ்’ என்று வணக்கம் சொல்லவும், ‘கிரிம்வோஸெ’ என்று நன்றி சொல்லவும் வந்துவிடும். பாடம் நீளமானதல்ல, இலக்கணத்தையும் போதுமான அளவு விளக்குவதில்லை. மேலே போக விரும்பினால், ரசிகர்கள் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் இலக்கண அட்டவணைகளை நாட வேண்டும். ஆனால் செய்தவர் உயிரோடு இருக்கிறார், மொழி வளர்கிறது, புதுப் பருவம் வந்தால் புதுச் சொற்களும் வருகின்றன. ஒரு சொல் சரியா தவறா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

குவென்யாவுக்கு அந்த வசதி இல்லை. நார்வேக்காரரான ஹெல்கே ஃபவுஸ்காங்கர் எழுதிய 20 பாடங்கள் கொண்ட இலவசப் பாடநூல், பால் ஸ்ட்ராக் தொகுத்த ‘எல்தமோ’ அகராதி, இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. இரண்டும் ஆங்கிலம், இரண்டுக்கும் பொறுமை வேண்டும். ஃபவுஸ்காங்கரின் பாடம் எழுதப்பட்ட பிறகும் டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகள் ‘பர்ம எல்தலம்பெரொன்’, ‘வின்யர் தெங்வார்’ ஆகிய இதழ்களில் பகுதி பகுதியாக வெளியானதால், அதில் சில இடங்கள் பழையதாகிவிட்டன. சொன்னேனே, அவர் திருத்திக்கொண்டே இருந்தார் என்று. ‘இல்லை’ என்பதற்கு எந்தச் சொல் என்பதிலேயே தடுமாற்றம். ‘லா’ என்பதை ஒரு சமயம் மறுப்புக்கு வைத்தார், ஒரு சமயம் கைவிட்டார். எனவே குவென்யா படிப்பவர் ஒரு கட்டத்தில், எந்த ஆண்டின் குவென்யா என்று கேட்டுக்கொள்ள வேண்டிவரும். 1915-ன் மொழியும் 1960-களின் மொழியும் ஒன்றல்ல. அன்றாடச் சொற்களும் குறைவு; கடைக்குப் போய்த் தக்காளி வாங்குகிற உரையாடலை எழுத வேண்டுமானால் பாதிச் சொற்களை ரசிகர்கள் புனைந்தவற்றிலிருந்து கடன் வாங்க வேண்டும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் குவென்யா என்கிறேன்? வாசிக்க அங்கேதான் இலக்கியம் இருக்கிறது. வலிரியனில் கிடைப்பவை பெரும்பாலும் வசனங்கள். அவையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகு மொழிபெயர்க்கப்பட்டவை. குவென்யாவில் மொழியைச் செய்தவரே அந்த மொழியில் கவிதை எழுதியிருக்கிறார். கலாத்ரியெல் விடைதரும்போது பாடும் ‘நமாரியெ’, “ஐ! லௌரியெ லந்தர் லஸ்ஸி சூரினென்” என்று தொடங்குகிறது. பொன்னாக உதிர்கின்றன இலைகள் காற்றால். ‘சூரினென்’ என்பதில் மூன்றாம் வேற்றுமையை இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ‘லஸ்ஸி’ பன்மை, அதற்கு இசைய ‘லந்தர்’ என்னும் வினையும் பன்மை, ‘லௌரியெ’ என்னும் அடையும் பன்மை. இலைக்கும் அடைக்கும் நடுவே வினை நிற்கிறது, ஈறுகள்தான் அவற்றை இணைக்கின்றன.

இந்தப் பாட்டுக்கு டோல்கீனே உரை எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை முழுதாகக் கட்டிப்போட்டது. டொனால்ட் ஸ்வான் இசையமைத்து 1967-ல் வெளிவந்த பாடல் தொகுப்பில், நமாரியெ முழுவதையும் சொல்லுக்குச் சொல் பொருளோடு தந்து, கவிதை வரிசையை உரைநடை வரிசையாக மாற்றியும் கொடுத்திருக்கிறார். “லஸ்ஸி லந்தர் லௌரியெ” என்று முதலடி அங்கே நேராகிறது. நம் உரையாசிரியர்கள் கொண்டுகூட்டிப் பொருள்கோளுக்குச் செய்வதும் இதேதான். சங்கப் பாட்டை உரையோடு படித்த ஒருவருக்கு இந்தப் பக்கங்கள் சொந்த வீடு. மொழி முடிவுறாமல் நிற்பதும் இந்தக் கோணத்தில் பார்த்தால் பெரிய குறையாகத் தெரியவில்லை. பாடபேதம் பார்ப்பது, எந்தப் பிரதி முந்தியது என்று யோசிப்பது, இரண்டு உரைகளில் எது பொருந்தும் என்று எடைபோடுவது எல்லாம் பழைய இலக்கியம் படிப்பதில் உள்ள இன்பங்கள். குவென்யாவில் அவை எல்லாமே கிடைக்கின்றன.

ஆக, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. தொடரைப் பார்த்து மயங்கியவர், வசனத்தை எழுத்துரை இல்லாமல் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், நண்பரோடு நாலு வார்த்தை பேசிப் பார்க்க விரும்புகிறவர் வலிரியனுக்கே போகலாம், யோசிக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும் அதுதான் தோது. கைப்பேசிப் பாடம் விளையாட்டாக இழுத்துக்கொண்டு போகும். லத்தீன், சமஸ்கிருதம் போன்ற மொழிகளில் விகுதி வாய்பாடுகளை ரசித்தவர்களுக்கும் வலிரியனே பிடிக்கக்கூடும். தமிழ் இலக்கணத்தில் ஈடுபாடு இருந்து, பாட்டை வரி வரியாகப் பிரித்துப் படிப்பதில் சுகம் காண்கிறவருக்குக் குவென்யா. பேச ஆள் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குவென்யா என்று முடிவு செய்தால், பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். நாவலின் கடைசியில் உள்ள பின்னிணைப்பு E-யில் உச்சரிப்பும் எழுத்தும் இருக்கின்றன. அதை முதலில் படித்துவிட்டு, நமாரியெவின் முதல் இரண்டு அடிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, எல்தமோவில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுங்கள். ஈறுகளைத் தனியே ஒரு தாளில் குறித்து வையுங்கள். பாட்டு முடிவதற்குள் வேற்றுமை உருபுகளில் பாதி அந்தத் தாளுக்கு வந்திருக்கும். ஃபவுஸ்காங்கரின் பாடங்களை அதன் பிறகு திறந்தால் போதும்.